மிசின் மேல எழுதின பேரு

அம்மிணி கோமதிக்கு,

இங்க மைசூர்ல உங்கம்மா சௌக்கியம். உங்கண்ணன் மாதேஷ் பெங்களூர்ல சௌக்கியம். பின்னால நிக்கிற முருங்கை மரம்கூட இந்த வருஷம் காய்ச்சுத் தொங்குது. நான் ஒருத்தன்தான் நல்லா இல்லை. உடம்புக்கு ஒண்ணும் இல்லை, பயந்துக்காதே. வெக்கமா இருக்கு, அவ்வளவுதான். சக்கரை, ரத்தக் கொதிப்புக்கெல்லாம் மாத்திரை இருக்கு, இதுக்கு எந்தக் கடையிலயும் குடுக்கறதில்லை. அதனாலதான் பேனாவை எடுத்தேன்.

தமிழ்ல எழுதியிருக்காரேன்னு உனக்குக் கோவம் வரும். வரட்டும். மாதேஷை இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்துட்டு, உன்னைத் தெருமுனையில இருந்த கன்னட ஸ்கூல்ல தள்ளிவிட்டவன் நான்தான். உனக்குத் தமிழ் எழுத்து பஸ் போர்டைக் கூட்டி வாசிக்கிற அளவுக்குத்தான் தெரியும். கன்னடத்துல எழுதியிருந்தா நீயே அடுப்படியில நின்னுக்கிட்டு வாசிச்சுட்டு, அரிசி டப்பாவுக்கு அடியில ஒளிச்சு வச்சுடுவே. எனக்குத் தெரியாதா உன்னை. தமிழ்ல எழுதினா அந்த வீட்டுல வாசிக்கத் தெரிஞ்சவர் உன் மாமனார் ஒருத்தர்தான். ஹனூர்ப் பக்கம் தமிழ் பள்ளிக்கூடத்துல படிச்சவர். எந்தத் தபால் வந்தாலும் சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரையும் கூடத்துல உட்கார வச்சு, கண்ணாடியை வேட்டி நுனியில துடைச்சுப் போட்டுக்கிட்டு, ரேடியோக்காரன் மாதிரி சத்தமா வாசிப்பார்னு நீதானே எங்ககிட்டச் சொல்லிச் சிரிச்சே? அப்படியே வாசிக்கட்டும். சம்பந்தி, நமஸ்காரமுங். பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி வச்சுக்குங்க, கடுதாசி கொஞ்சம் நீளம். நடுவுல உங்களுக்குக் கோவம் வந்தாலும் நிறுத்தாம கடைசி வரி வரைக்கும் வாசிச்சுப்போடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை உங்க ஊர்க் கோயில்ல மாதேஷுக்குச் சால்வை போடப்போறோம்னு நேத்து போன்ல சொன்னீங்க. அந்தச் சால்வை அவன் தோள்ல விழறதுக்கு முன்னாடி நான் பண்ணின காரியம் அந்தக் கூடத்துல எல்லாருக்கும் தெரிஞ்சாகணும்.

அம்மிணி, எல்லாம் உங்கம்மாவோட பித்தளைக் குடத்துல ஆரம்பிச்சது. நம்ம வாடகை வீட்டுப் பின்னால இருக்கிற கிணத்துல கயிறு அறுந்து குடம் உள்ள போயிடுச்சு. பக்கத்து வீட்டுல பாதாளக் கரண்டி இரவல் வாங்கிட்டு வந்து, அந்தக் கொத்துக் கொக்கியைச் சங்கிலியில விட்டு நாம மூணு பேரும் மாத்தி மாத்தித் துழாவினோம். யாரோ விட்ட ஒத்தைச் செருப்பு வந்தது, துருப்பிடிச்ச வாளிக் காது வந்தது, குடம் மட்டும் வரலை. நான் வழக்கம்போலக் கத்திட்டு, கரண்டியை வீசிட்டு வந்து நாற்காலியில உட்கார்ந்துட்டேன். நீ கிணத்து மேடையில மோவாயை வச்சுக்கிட்டு உள்ள பார்த்துக்கிட்டே இருந்தே. "இதுக்குக் கை இருக்குதுங்கப்பா, கண்ணுதான் இல்லை. ஒரு கண்ணை வச்சு விட்டா என்ன?"ன்னு கேட்டே. "கண்ணு வைக்கிறாளாம் கண்ணு, போயி சோத்தை வடி"ன்னு சொன்னேன். ஒரு நல்ல யோசனை என் வீட்டுல பொறந்தப்ப அதுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அந்தக் கண்ணைப் பண்ண நீ எங்கங்க போயி என்னென்ன கொண்டுவந்தேன்னு எனக்கு எல்லாமே தெரியும். நஞ்சன்கூட்டு மில்லு ஸ்டோர்ல காலம் பூரா சாமான் பார்த்துக் குடுத்தவன்ல நான், ஒரு பொருளைப் பார்த்தா அது எங்கிருந்து வந்ததுன்னு சொல்லிடுவேன். ஹெப்பாளுல ஸ்டெபிலைசர் பண்ற அந்தச் சின்னக் கம்பெனியில நீ வேலை முடிச்சு, சனிக்கிழமை சாயங்காலம் குஜரி கடை குஜரி கடையா ஏறி இறங்குவே. பழைய இரும்பு, உடைஞ்ச பிளாஸ்டிக் எல்லாம் கொட்டிக் கிடக்கிற கடையில ஒரு கல்யாண வயசுப் பொண்ணு குனிஞ்சு தேடறதை என் சிநேகிதன் ஒருத்தன் பார்த்துட்டு வந்து, "நிம்ம மகளு குஜரி அங்கடியல்லி ஏன் ஹுடுக்தாளே?"ன்னு கேட்டான். என்ன தேடறாள்னு கேட்கிறான். எனக்கு மூஞ்சி எங்க வைக்கிறதுன்னு தெரியலை. "மிக்சிக்கு ஏதோ ஸ்பேரு"ன்னு சொல்லி வச்சேன். பார்த்தியா, பொய் அப்பவே ஆரம்பிச்சுட்டேன்.

ஒயரிங் பைப்பை அறுத்துச் சட்டம் கட்டினே. பழைய டேப் ரிக்கார்டர் மோட்டாரை போட்டோ ஸ்டுடியோவுல தூக்கிப் போடற பிலிம் ரோல் டப்பாவுக்குள்ள வச்சு, மெழுகுவத்தியை உருக்கி ஊத்தி அடைச்சே. அதுக்கு விளையாட்டுப் படகோட காத்தாடி. கதவுல யாரு நிக்கிறாங்கன்னு பார்க்க வைக்கிற பட்டன் மாதிரி காமிரா ஒண்ணை பெங்களூர் போயி வாங்கிட்டு வந்தே. ரெண்டு தீபாவளிக்கு நீ புடவை எடுத்துக்கலைன்னு உங்கம்மாதான் கவனிச்சா, நான் கவனிக்கலை. அந்தக் காமிராவை ஊறுகாய் பாட்டிலுக்குள்ள உட்கார வச்சு, மூடிக்கு சைக்கிள் ட்யூபுல வாஷர் வெட்டினே. மேல மிதக்கறதுக்குப் பாத்ரூம் பைப்பு ஒரு முழம், ரெண்டு பக்கமும் மூடி. கீழ பாரத்துக்கு மாதேஷோட பழைய சாக்ஸுல போல்ட்டும் நட்டும். ஒயரு தண்ணிக்குள்ள தொங்கி மிசினை இழுக்கக் கூடாதுன்னு, என் நீல ரப்பர் செருப்பைத் துண்டு துண்டா வெட்டி ஒயர் நீளத்துக்கும் கோத்தே. செருப்பைக் காணோம்னு நான் வீட்டையே ரெண்டாக்கினது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கட்டில்ல கிடந்த ஒயரைப் பார்த்ததும் "என்ன கொழுப்பு இருந்தா அப்பன் செருப்பை வெட்டுவே"ன்னு குதிச்சேன். அறுந்துபோற நிலையில இருந்த செருப்பு அது. அதுக்கா அந்தக் கத்து கத்தினேன்?

அதுக்கப்புறம் நீயும் உங்கம்மாவும் சிமெண்டுத் தொட்டியில தண்ணி ரொப்பி வச்சுக்கிட்டு மிசினை எடை பார்த்துக்கிட்டே இருப்பீங்க. ஒரு நட்டை எடுப்பே, ஒரு நட்டைப் போடுவே. முழுகவும் கூடாது, முழுசா மிதக்கவும் கூடாது, சும்மா விட்டா மெதுவா தானா மேல வரணும்னு சொல்லுவே. ஒயரைப் பிடிக்கிற வேலைக்கு உங்கம்மாவைத்தான் பழக்கினே. ஆயுசு பூரா தண்ணி சேந்தின கைதானே. "இழுக்காதீங்கம்மா, சும்மா விரலால தொட்டுக்கிட்டு இருங்க. மாட்டிக்கிட்டா நிறுத்திட்டு லூஸா விடுங்க, அதுவே வந்துரும்." இதை நீ எத்தனை தரம் சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்லை. நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கேட்டது காதோட நின்னுபோச்சு.

ஒரு நாள் நான் வேலை முடிஞ்சு வந்தப்ப உங்கம்மா வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. உள்ள கறுப்பு வெள்ளை சின்ன டிவி, ஸ்கூட்டர் பேட்டரி, தரையெல்லாம் தண்ணி. நடுக் கூடத்துல பித்தளைக் குடம். டிவியில குடத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாளாம் உங்கம்மா. நீ சுவிச்சை அழுத்திப் பிடிச்சு மிசினை அடியிலயே நிறுத்திக்கிட்டு, "கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம்"னு சொல்லச் சொல்ல, அவ பாதாளக் கரண்டியை இறக்கிக் குடத்தோட கழுத்துல மாட்டிட்டாளாம். ரெண்டு பேரும் என் மூஞ்சியையே பார்த்தீங்க. நான் என்ன சொன்னேன்? "குடம் நசுங்கியிருக்கே"ன்னேன். உள்ளுக்குள்ள எனக்குப் புல்லரிச்சது, அம்மிணி. சத்தியமாச் சொல்றேன். வாயைத் திறந்தா வந்தது நசுங்கின குடம்தான்.

அடுத்த மாசம் சம்பந்தி வீட்டுலிருந்து உன்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. நல்ல இடம், ஸ்ரீரங்கப்பட்டணத்துல தோப்பு, பையன் ரங்கராஜ் தங்கமானவர்னு கேள்விப்பட்டு நான் தலைகால் புரியாம ஆடினேன். காலையிலயே உன் விரல்ல இருந்த சூட்டுத் தழும்பும் ஈயப் பத்துவச்ச கறையும் தெரியக் கூடாதுன்னு எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொன்னேன். மிசினைக் கட்டிலுக்கு அடியில தள்ளினேன். அவங்க கூட வந்த குழந்தை ஒண்ணு பந்து உருண்டுபோச்சுன்னு குனிஞ்சு, ஒயரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அந்த மிசினோடவே கூடத்துக்கு வந்திடுச்சு. சம்பந்தி, நீங்க கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீங்க. "இதென்னுங் இது, ஏரோப்ளேனுங்களா?"ன்னு கேட்டீங்க. நீ அப்பத்தான் காப்பித் தட்டோட வந்து நின்னே. உன் மூஞ்சியில ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. சொல்லப் போறார் அப்பான்னு நினைச்சே. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? குஜரி கடையில குனிஞ்சு தேடற பொண்ணுன்னு தெரிஞ்சா எழுந்து போயிருவாங்களோன்னு தோணுச்சு. "என்ற மகன் பண்ணினதுங். இஞ்சினியரு. தண்ணிக்குள்ள போயி படம் காட்டுமுங்"னு சொல்லிட்டேன்.

மாதேஷ் தலையைக் குனிஞ்சான். அவனும் மறுத்துப் பேசலை, அப்பன் வார்த்தையைச் சபையில எப்படி மறுப்பான். மாப்பிள்ளை ஆசையா, "எவ்வளவு ஆழம் போகுமுங்க?"ன்னு அவனைக் கேட்டார். அவனுக்கு எங்க தெரியும், திருதிருன்னு முழிச்சான். நீ தட்டை வச்சுட்டு அடுப்படிக்குப் போயிருந்தே. அங்கிருந்து உன் குரல் வந்தது. "முப்பதடி. அதுக்கு மேல சோதிச்சுப் பார்க்கலை." சம்பந்தி, நீங்க தொடையைத் தட்டிச் சிரிச்சீங்க. "பரவால்லியே, அண்ணன் வேலையைத் தங்கச்சி நல்லாக் கவனிச்சிருக்குது"ன்னீங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன், அம்மிணி. உங்கம்மா மட்டும் சிரிக்கலை.

பொய் சொன்னா அதோட போகும்னு நினைச்சேன். போகலை. நிச்சயம் முடிஞ்சு கல்யாணத்துக்கு நாள் குறிச்ச பிற்பாடு சம்பந்தி சொல்லி அனுப்பினார். தோப்புக் கிணத்துல தண்ணி இறைக்கிற மோட்டார் கயிறு நழுவி அடியில போயிடுச்சு, பக்கம் எல்லாம் சரியற மண்ணு, ஆளை இறக்கப் பயமா இருக்கு, உங்க மகன் அந்த மிசினை எடுத்துக்கிட்டு வந்து எங்க கிடக்குதுன்னு காட்டினாப் போதும், கொக்கி போட்டுத் தூக்கிக்கறோம்னு. நீ எழுந்து நின்னுட்டே. "நான் வரேங்கப்பா"ன்னே. நிச்சயம் ஆன பொண்ணு தாலி ஏறறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கறதான்னு நான் எகிறினேன். வழக்கம்னு ஒண்ணு இருக்குதுன்னேன். வழக்கத்தைவிட எனக்குப் பயம்தான் பெரிசா இருந்தது. நீ வந்து அந்த சுவிச்சுப் பெட்டியைக் கையில எடுத்தா, பாக்கறவனுக்கு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சு போயிருமே, யாரு பண்ணினதுன்னு.

சரி, ஒயர் பிடிக்க உங்கம்மாவைக் கூப்பிட்டேன். அவ அடுப்படியை விட்டு நகரவே இல்லை. "அந்தப் பொய்க்கு நான் கயிறு பிடிக்க மாட்டேன், நீங்களே பிடிங்க"ன்னுட்டா. எங்க கல்யாணத்துக்கு அப்புறம் அவ எனக்கு மாட்டேன்னு சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும். வரலை, இன்னும் ஒரு படி மேல போனேன். அக்ரஹார சர்க்கிள் பக்கம் வண்டிக்கு நம்பர் பிளேட் எழுதறவன்கிட்ட மிசினைக் கொண்டுபோய், மேல இருக்கிற அந்தப் பைப்புல மஞ்சள் பெயிண்டுல "மாதேஷ், பி.இ., மைசூர்"னு எழுதி வாங்கிட்டு வந்தேன். நீ அதைப் பார்த்தே. ஒரு விரலால பெயிண்டைத் தொட்டுப் பார்த்துட்டு, "காயலைங்கப்பா, துணி படாம எடுத்துட்டுப் போங்க"ன்னே. அவ்வளவுதான் சொன்னே. நீ கத்தியிருந்தா, ரெண்டு பாத்திரத்தைத் தூக்கி எறிஞ்சிருந்தா எனக்கு இத்தனை நாள் இப்படி அறுத்திருக்காது.

தோப்புல ஊரே கூடியிருந்தது. டிவிக்கு வெயில் படாம கம்பளியைப் போர்த்தி, அதுக்குள்ள தலையை விட்டுப் பார்க்க வரிசை கட்டி நின்னாங்க. மாதேஷ் சுவிச்சு, நான் ஒயரு. சீக்கிரம் இறங்கட்டும்னு நான் போகும்போதே சாக்ஸுக்குள்ள ரெண்டு பெரிய நட்டை அதிகமாப் போட்டிருந்தேன். ஸ்டோர்காரன் மூளை. கொஞ்ச நேரத்துல அடியில கிடக்கிற மோட்டார் டிவியில தெரிஞ்சது. என்ன கைதட்டு! சம்பந்தி ஓடிவந்து மாதேஷைக் கட்டிக்கிட்டார். அவன் என்னைப் பார்த்தான். "போதும்பா, மேல எடுத்துடலாம்"னு மெதுவாச் சொன்னான். நான் கேட்கலை. எல்லாரும் பார்க்கிறாங்களே, இன்னொரு சுத்து விடுன்னேன். அந்தச் சுத்துல ஒயரு பழைய இரும்புப் பைப்பைச் சுத்திக்கிச்சு. மிசின் நகரலை.

நிறுத்திட்டு லூஸா விடுன்னு உன் குரல் காதுல கேட்டுச்சு, அம்மிணி. நிஜமாவே கேட்டுச்சு. ஆனா சுத்தி ஊரு நிக்குது, "ஏனாயிது, ஏனாயிது"ன்னு நாலு பேர் கேட்கிறான், என்ன ஆச்சுன்னு. எனக்குக் கை பரபரத்துச்சு. இழுத்தேன். லூஸா விட்டிருந்தாலும் அது தானா வந்திருக்காது, நான் போட்ட நட்டு விடாது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன், டக்குன்னு ஒயரு லேசாச்சு. டிவி பூரா புள்ளி புள்ளியாப் போச்சு, மோட்டாருக்குக் கொக்கி போடற வேலையும் அதோட நின்னுச்சு. மாதேஷ் சுவிச்சுப் பெட்டியை வச்சுட்டுத் தோப்புக்குள்ள நடந்து போயிட்டான். சம்பந்தி, அப்பக்கூட நீங்கதான் எனக்கு ஆறுதல் சொன்னீங்க. "விடுங்க, போனாப் போகுது, கெட்டிக்காரப் பையன், இன்னொண்ணு பண்ணிக்குவான்"னீங்க. "ஆமாங்"னு சொன்னேன். உங்க வீட்டு மோரை வாங்கிக் குடிச்சேன்.

பஸ்ல பேட்டரி, டிவி, ஒயர்ச் சுருள் எல்லாம் திரும்பி வந்தது, மிசின் வரலை. நீ கேட்டுல நின்னுக்கிட்டிருந்தே. சுருளை என் தோள்லிருந்து வாங்கி, அறுந்த நுனியைத் தேடி எடுத்து வெளிச்சத்துல பார்த்தே. "இழுத்தீங்களா?"ன்னு கேட்டே. நான் ரோட்டைப் பார்த்தேன். மறுநாள் நீ ஒரே ஒரு தடவைதான் கேட்டே, நான் போயி எடுத்துட்டு வந்துடறேங்கப்பா, நாள் ஆக ஆக மிசினோட மோட்டாருக்குள்ள தண்ணி இறங்கிடும்னு. அதுக்கு நான் சொன்ன பதிலை நினைச்சா இப்பவும் வாயைக் கழுவணும்போல இருக்கு. "கல்யாணம் ஆயிட்டா அது உன்ற வீட்டுக் கிணறுதானே, அப்புறமேட்டுக்குப் பொறுமையா எடுத்துக்க"ன்னேன். ஏதோ பெரிய ஜோக்கு சொன்ன மாதிரி சிரிக்க வேற செஞ்சேன்.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. உன்னைக் காருல ஏத்தும்போது எல்லா அப்பனும் சொல்றதை நானும் சொன்னேன். பொறந்த வீட்டுப் பேரைக் காப்பாத்து கண்ணு, அப்பன் தலை குனியற மாதிரி ஒண்ணும் வச்சுக்காதேன்னு. நீ தலையை ஆட்டினே. அந்தப் புத்திமதியை நீ எப்படிக் காப்பாத்தினேன்னு ஆடி மாசம் உன்னை அழைச்சுட்டு வர வந்தப்பத்தான் பார்த்தேன். உள்ள நுழைஞ்சதும் உங்க கூடத்து ஆணியில மிசின் தொங்குது. பாசி எல்லாம் துடைச்சு, மஞ்சள் பேரு பளிச்சுன்னு. சம்பந்தி என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, "பாருங் சம்பந்தி, உங்க பையன் மிசினை என்ற மருமக எடுத்துப்புட்டா!"ன்னார். மாப்பிள்ளை ஒரு கயிறு, நீ ஒரு கயிறு, பாதாளக் கரண்டியைக் கையாலயே உணர்ந்து உணர்ந்து துழாவி, முதல்ல மிசின், அப்புறம் மோட்டார், ரெண்டையும் மேல ஏத்திட்டீங்களாம். உன் அத்தை எனக்குக் கேசரிபாத் கொண்டுவந்து வச்சாங்க.

அந்த நிமிஷம் இருந்ததே, அதுக்காகத்தான் இந்தக் கடுதாசி. நீ தூணோரமா நின்னே. நான் அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சம்பந்தி மனசு விட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தார், மாப்பிள்ளை உன்னைப் பார்த்த பார்வையில அவருக்குப் பாதி தெரியும்போலத்தான் இருந்தது, கோவிச்சுக்க அங்க யாரும் இல்லை. நான் கேசரியை அள்ளி வாயில போட்டுக்கிட்டேன். என் வாய் அடைச்சிருக்குதுன்னு பார்த்துட்டு நீதான் பேசினே. "அண்ணன் நல்லாத்தான் பண்ணியிருக்காருங்கப்பா. ஒயர் ஜாயிண்டுதான் கொஞ்சம் வீக்கு." என்னைக் காப்பாத்த, நீ பண்ணின ஜாயிண்டையே குத்தம் சொன்னே. அது வீக்கு இல்லை, அம்மிணி. நான் இழுத்த இழுப்புக்கு மாட்டு வண்டிக் கயிறே அறுந்திருக்கும். ஆடி பூரா நீ இங்க இருந்தே, உன்னோட உட்கார்ந்து சாப்பிட்டேன், உனக்கு மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்தேன், மாம்பழம் வாங்கிட்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தையைத் தவிர எல்லாம் வாங்கிட்டு வந்தேன்.

நேத்து சம்பந்தி போன் வந்ததும் பெங்களூருக்குப் போன் பண்ணி மாதேஷ்கிட்ட, மிசின் பண்ணினவன்னு ஊரே அவனுக்குச் சால்வை போடப்போற விஷயத்தைச் சொன்னேன். "நான் வரமாட்டேங்கப்பா. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும், எனக்குத் தைரியம் இல்லை. சால்வை வேணும்னா நீங்க போயி போட்டுக்கங்க"ன்னு சொல்லி வச்சுட்டான். உங்கம்மா பக்கத்துல நின்னு கேட்டுட்டு, இந்தப் பேப்பரையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால வச்சா.

அதனால, நான் உனக்குக் குடுத்த புத்திமதியை எல்லாம் திரும்ப வாங்கிக்கறேன். என் பேரை நீ காப்பாத்த வேண்டாம், அம்மிணி. அது கெட்டது என் கையால, நானே பார்த்துக்கறேன். இனிமே என்னை மாதிரி ஒருத்தன் உன் வேலையை வேற யாரு பேருலயாவது எழுதினா, பெயிண்டு காயறதுக்குள்ள சண்டை போடு. அது அப்பனா இருந்தாலும் சரி, புருஷனா இருந்தாலும் சரி, நாளைக்கு உனக்குப் பொறக்கப் போற பையனா இருந்தாலும் சரி. உனக்குச் சொல்ல எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்.

இந்தக் கவருக்குள்ள ஒரு துண்டு உப்புத்தாள் மடிச்சு வச்சிருக்கேன். சம்பந்தி, அதைக் கீழ விழுந்துடாம பத்திரமா எடுத்து வைங்க. அம்மிணி, ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நானும் உங்கம்மாவும் வரோம். கோயில்ல ஜனம் கூடினதும் அந்த மிசினை மடியில வச்சுக்கிட்டு, அந்த மஞ்சள் எழுத்தை எல்லாரும் பார்க்க நானே தேய்ச்சு எடுக்கிறேன். அதுக்கு முன்னாடி நீ இரக்கப்பட்டுத் தேய்ச்சுப்போடாதே. அதுல புதுசா என்ன எழுதறது, எழுதறதா வேண்டாமாங்கறது உன் இஷ்டம். அதுக்கப்புறம் அந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் காப்பி குடுக்கறதும் குடுக்காததும் உங்க எல்லாரோட இஷ்டம்.

சம்பந்தி, உங்களுக்குப் பொண்ணு குடுத்தவன் உங்க வீட்டுக் கூடத்துலயே உங்களை ஏமாத்தியிருக்கேன், மன்னிச்சுப்போடுங்க. இவ்வளவு தூரம் நிறுத்தாம வாசிச்சதுக்குப் புண்ணியமாப் போகும். இப்பக் கண்ணாடியைக் கழட்டிட்டுத் தலையைத் தூக்கி, தூணோரமா உட்கார்ந்திருக்கிற உங்க மருமகளைப் பாருங்க. அவதான் பண்ணினா.